கொடுத்த மாத்திரை குழந்தைக்குப் போனதா? சான்று சார்ந்த சமுதாயச் செவிலியப் பணி: வடசென்னைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு, மூன்றாவது மாடி. ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பேதி நின்று நான்கு நாள் ஆகியிருந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் நான் கொடுத்த ஜிங்க் மாத்திரைகள். பதினான்கில் மூன்றுதான் செலவாகியிருந்தன. "நின்னுடுச்சே சிஸ்டர், அப்புறம் எதுக்கு?" என்றார் குழந்தையின் ஆயா, அதாவது பாட்டி. என் பதிவேட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு நேரே "ஜிங்க் 14 நாள், கொடுக்கப்பட்டது" என்று நானே எழுதியிருந்தேன். எழுதியது பொய் இல்லை. ஆனால் குழந்தையின் வயிற்றுக்குள் போனது மூன்று நாள் மருந்துதான்.

கல்லூரியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த 'எவிடன்ஸ் பேஸ்டு பிராக்டிஸ்', அதாவது சான்று சார்ந்த பணி, எனக்கு அன்றைக்குத்தான் விளங்கத் தொடங்கியது. அந்தப் படிகளை நம் தெருக்களில் எப்படி ஏறுவது என்று இங்கே சொல்கிறேன். எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஒன்றேதான்: குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் ஜிங்க் மாத்திரையும். ஒரு கேள்வியை அடி முதல் நுனி வரை செய்து பார்த்துவிட்டால், பிபி, சர்க்கரை, காசநோய், தாய்ப்பால் என்று எதற்கும் அதே வழியில் போகலாம்.

சான்று எங்கிருந்து வருகிறது

1996-ல் டேவிட் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் சான்று சார்ந்த மருத்துவத்துக்குக் கொடுத்த விளக்கத்தில் மூன்று விஷயங்கள் சேர்கின்றன. கிடைக்கிற ஆய்வுச் சான்றுகளில் சிறந்தது ஒன்று. வேலை செய்பவரின் அனுபவமும் கைத்திறனும் இன்னொன்று. நோயாளியின் விருப்பம் மூன்றாவது. மூன்றில் ஒன்று விடுபட்டாலும் வேலை நடக்காது. சமுதாயச் செவிலியத்தில் பெரும்பாலும் விடுபடுவது மூன்றாவதுதான்.

சான்று என்றாலே வெளிநாட்டிலிருந்து இறங்குவது என்ற நினைப்பு நம்மில் பலருக்கு இருக்கிறது. 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம் என்ற தனி மருத்துவமனை, ஓய்வு, நல்ல காற்று, சத்தான சாப்பாடு. படுக்கையோ போதாது. இந்த நகரத்தின் ஏழை நோயாளிகளைச் சீரற்ற முறையில், குலுக்கல் போல, இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் மறு குழுவுக்கு வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியானது. நெரிசலான வீடும் குறைந்த சாப்பாடும் இருந்தும் வீட்டுச் சிகிச்சை கிட்டத்தட்ட அதே பலனைத் தந்தது. கூடவே வாழ்ந்தவர்களுக்கு அதனால் ஆபத்து கூடவுமில்லை. சானடோரியக் காலம் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மருந்தைக் கையில் கொடுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். கொடுத்ததையும் போய்ச் சேர்ந்ததையும் தனித்தனியாகக் கணக்கு வைப்பது இந்த ஊரில் அப்போதே நடந்திருக்கிறது.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"எங்க ஏரியாவில் பேதி அதிகம், என்ன பண்ணலாம்?" என்பது கவலை. அதை வைத்துத் தேட முடியாது. நான்கு கட்டம் போட்டு நிரப்புங்கள்: யாருக்கு, என்ன செய்யப்போகிறோம், எதற்குப் பதிலாக, எது மாறும் என்று எதிர்பார்க்கிறோம். பாடப்புத்தகத்தில் இதைத்தான் பீக்கோ என்பார்கள். நம் கேள்வி இப்படி அமையும்: "பேதிக்கு ஜிங்க் வாங்கிய 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மாத்திரையைக் கரைத்துக் காட்டி 3-ஆம், 7-ஆம் நாளில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, வெறுமனே வாயால் சொல்லிக் கொடுப்பதைவிட, 14 நாளும் முடிக்கிற குழந்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டுமா?"

இதோடு இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: ஏன் நிறுத்துகிறார்கள்? இதற்கு எந்த ஆய்வும் உங்கள் தெருவின் பதிலைத் தராது. நீங்களே கேட்க வேண்டும். கேட்கும் விதம் முக்கியம். "ஏன்மா கொடுக்கல?" என்றால் தலை குனிந்துவிடும், அல்லது "கொடுத்தேன் சிஸ்டர்" என்று பதில் வரும். "மாத்திரை கொடுக்கிறதுல என்ன கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வந்த பதில்கள்: கொடுத்த உடனே வாந்தி எடுக்கிறான். பேதிதான் நின்றுவிட்டதே. இது தோஷம், மாத்திரைக்கு நிற்காது. தொக்கம் (உள்ளே சிக்கியதாக நம்பும் உணவை எடுக்கும் நாட்டு வழக்கம்) எடுத்தபிறகு சரியாகிவிட்டது. காசிமேட்டில் ஒரு தாய் சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது: "நான் ராத்திரி மூணு மணிக்கே மீன் ஏலத்துக்குப் போயிடுறேன், மாமியாருக்கு அட்டையில என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியாது." அவருக்கு நான் கொடுத்த அறிவுரை முழுவதும் மாத்திரை கொடுக்காத ஒருவரிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

படி 2: தேடுவதற்கு முன்னால் எண்ணுங்கள்

பலர் தாண்டிப்போகிற படி இது. இப்போது நிலைமை என்ன என்று தெரியாவிட்டால், பிறகு முன்னேற்றம் வந்ததா என்று சொல்ல வழியே இல்லை. கடந்த இரண்டு மாதத்தில் ஜிங்க் வாங்கிய குழந்தைகளைப் பதிவேட்டிலிருந்து எடுங்கள். 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் போய் அட்டையைக் கேட்டு மீதியை எண்ணுங்கள். 22 வீட்டில் அட்டை கிடைத்து, அதில் 6 பேர் முடித்திருந்தால், "22-ல் 6, மீதி 8 வீடு பார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள். அந்த எட்டு வீட்டை மறைத்தால் கணக்கு அழகாகத் தெரியும். ஆனால் பூட்டிக்கிடந்த வீடுகள்தான் பெரும்பாலும் அம்மா வேலைக்குப் போகிற வீடுகள்.

படி 3: தேடுங்கள், மேலிருந்து கீழாக

கையில் இருக்கிற மொபைல் போதும். முதலில் நம் நாட்டின் வழிகாட்டு நெறி. நாம் வேலை செய்வது அதன்படிதான்: 2 முதல் 6 மாதக் குழந்தைக்குத் தினம் 10 மி.கி., அதற்கு மேல் 5 வயது வரை 20 மி.கி., 14 நாள், கூடவே ஓ.ஆர்.எஸ். அடுத்தது உலக சுகாதார நிறுவனம். யுனிசெஃபோடு சேர்ந்து 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், 10 முதல் 14 நாள் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதத்துக்கு மறுபடி பேதி வருவதும் குறையும் என்று இருக்கிறது. ஆயாவின் "அப்புறம் எதுக்கு?" என்ற கேள்விக்கு நேரான பதில் இந்த ஒரு வரிதான்.

மூன்றாவது, காக்ரேன் தொகுப்பாய்வுகள். ஒரே கேள்வி பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துச் சலித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் எளிய மொழிச் சுருக்கம் இலவசமாக இருக்கும். அதற்கும் பிறகுதான் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளம். ஜிங்க், டயரியா, சில்ரன், அட்ஹியரன்ஸ் (மருந்தை விடாமல் எடுப்பது) ஆகிய ஆங்கிலச் சொற்களை நடுவில் 'ஆண்ட்' போட்டுத் தட்டுங்கள். ஒரே பொருளுள்ள சொற்களுக்கு நடுவில் 'ஆர்'. இலவச முழுக் கட்டுரை, தொகுப்பாய்வு என்ற இரண்டு வடிகட்டிகளைப் போட்டால் ஆயிரக்கணக்கில் இருப்பது கைக்கு அடங்கும். வாட்ஸ்அப்பில் வந்த படம், மருந்து கம்பெனிக்காரர் கொடுத்த வழவழப்பான தாள், இரண்டையும் சான்றுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 4: படித்து எடை போடுங்கள்

புள்ளியியல் தெரியாது என்று இங்கே நின்றுவிடாதீர்கள். மூன்று கேள்வி போதும். இதை நம்பலாமா? பலன் எவ்வளவு? என் தெருவுக்குப் பொருந்துமா?

ஜிங்க் பற்றிய 2016-ஆம் ஆண்டுக் காக்ரேன் தொகுப்பாய்வை எடுங்கள். 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பேதி நீடிக்கும் நேரம் சுமார் அரை நாள் குறைகிறது. ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு ஒரு நாளுக்குச் சற்று மேல். 6 மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குப் பலன் இருப்பதாகத் தெரியவில்லை. வாந்தி கூடுகிறது. ஆக, வாந்தி எடுக்கிறான் என்று சொன்ன தாய்மார்கள் சாக்குச் சொல்லவில்லை. நான் அதைப் படித்த அன்று எனக்கே வெட்கமாக இருந்தது. பல வீடுகளில் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்று அடித்துப் பேசியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று. 2020-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. இந்தியாவிலும் தான்சானியாவிலும் 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள 4,500 குழந்தைகளை மூன்றாகப் பிரித்து, 20, 10, 5 மி.கி. என்று 14 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நாளுக்கு மேல் பேதி நீடித்தவர்கள் முறையே 6.5, 7.7, 7.2 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தவர்கள் 19.3, 15.6, 13.7 சதவீதம். அளவு குறையக் குறைய வாந்தியும் குறைந்திருக்கிறது. நம்பலாமா? பெரிய ஆய்வு, சீரற்ற முறையில் பிரித்தது, நம் நாட்டுக் குழந்தைகளும் இருந்தார்கள். நம்பலாம்.

அப்படியானால் நாளை முதல் மாத்திரையை உடைத்துப் பாதி கொடுக்கலாமா? கூடாது. மருந்தின் அளவை மாற்றுவது செவிலியரின் கையில் இல்லை. வழிகாட்டு நெறி 20 மி.கி. என்று இருக்கும்வரை 20 மி.கி.தான். நாம் செய்யக்கூடியது, கட்டுரையைப் பிரிண்ட் எடுத்து, நம் பகுதியில் எத்தனை குழந்தைகள் வாந்தி எடுத்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்து, மருத்துவ அலுவலரிடம் கொடுப்பது. வழிகாட்டு நெறிகள் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. படித்ததை வைத்துத் தனியாக அளவை மாற்றுகிற செவிலியர், சான்றின் பெயரிலேயே குழந்தைக்கு ஆபத்தைக் கொண்டுவரலாம்.

மூன்றாவது கேள்வியான "என் தெருவுக்குப் பொருந்துமா" என்பதற்கு ஜிங்க்கைவிடக் காசநோய் நல்ல எடுத்துக்காட்டு. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் கூட வாழ்ந்த 10,345 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டாருக்கும் மாதாமாதம் அரிசியும் பருப்பும் நுண்சத்து மாத்திரையும் கொடுத்த பகுதிகளில், அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அசரவைக்கிற முடிவு. ஆனால் புளியந்தோப்பில் ரேஷன் அரிசி ஏற்கெனவே இலவசமாக வருகிறது. குறைவது பருப்பும் முட்டையும்தான் என்பது என் கணிப்பு. ஆகவே அங்கே நான் முதலில் கேட்பது: வீட்டில் எத்தனை பேர், எடை என்ன, போன வாரம் எத்தனை நாள் பருப்போ முட்டையோ மீனோ சாப்பிட்டார்கள், காசநோயாளியின் சத்துணவுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷன் பணம் வங்கிக்கு வந்ததா. 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய அந்த உதவி 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய். அது நோயாளிக்கு மட்டும்தான், வீட்டார் தட்டுக்கு வராது.

படி 5: சான்றை வீட்டோடு பொருத்துங்கள்

இங்கேதான் நம் வேலையின் உயிர் இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் தண்ணீர் என்று போட்டிருக்கும். எத்தனை வீட்டில் லிட்டர் அளவை இருக்கிறது? தம்ளரில் பாதிப் பொடியைக் கொட்டிக் கலக்குவார்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் கெடுதல். ஒரு லிட்டர் காலித் தண்ணீர் பாட்டில் எல்லா வீட்டிலும் கிடக்கும். அதைக் கழுவி, முழுப் பாக்கெட்டையும் போட்டு, கழுத்து வரை காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றிக் காட்டுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 2 வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வீட்டிலிருக்கும் தம்ளரில் பேனாவால் கோடு போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஜிங்க் மாத்திரையை ஒரு ஸ்பூன் தாய்ப்பாலிலோ ஓ.ஆர்.எஸ்.ஸிலோ சுத்தமான தண்ணீரிலோ கரைத்துக் கொடுக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால், இன்னொரு மாத்திரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அந்தக் கணக்குக்கு இரண்டு மாத்திரை கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று மருத்துவ அலுவலரிடம் முன்பே கேட்டு வையுங்கள்.

இதையெல்லாம் யாருக்குச் சொல்கிறோம்? மாத்திரை கொடுக்கிற கைக்கு. ஆயா கொடுக்கிறார் என்றால் ஆயாவை உட்காரவைத்து, அவர் கையாலேயே ஒரு மாத்திரையைக் கரைக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு 14 வட்டம் போட்ட ஒரு தாள். தினம் ஒரு பொட்டு. எங்கள் பகுதியில் ஸ்டிக்கர் பொட்டையே ஒட்டிவிட்டார்கள், அது என் யோசனை இல்லை, ஒரு பாட்டியுடையது. காசிமேடு, ராயபுரம் பக்கம் மீன் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு விடியற்காலை போய்ப் பயனில்லை. ஏலமும் விற்பனையும் முடிந்து அவர்கள் திரும்புகிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

தோஷம், தொக்கம் என்று வரும்போது முகம் சுளிக்காதீர்கள். பள்ளிவாசல் வாசலில் ஊதிக்கொண்டு வருவதால் குழந்தைக்குக் கெடுதல் ஒன்றுமில்லை. போகும்போது ஓ.ஆர்.எஸ். பாட்டிலையும் கையில் எடுத்துப்போகச் சொல்லுங்கள். தொண்டைக்குள் விரல் விடுவது, வாந்தி எடுக்கவைப்பது இரண்டும் ஆபத்து என்பதை மட்டும் தெளிவாக, கோபப்படாமல் சொல்லுங்கள்.

கண் குழிவிழுந்து போவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, குடிக்க முடியாமை, துவண்டு கிடப்பது, மலத்தில் ரத்தம், நிற்காத வாந்தி: இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் பேசிக்கொண்டிருக்காமல் ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

படி 6: ஒரு தெருவில் தொடங்குங்கள்

வார்டு முழுக்க ஒரே நாளில் ஆரம்பித்தால் மூன்றாம் வாரமே கலைந்துவிடும். ஒரு தெரு, இரண்டு மாதம். அங்கன்வாடிப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் இருவரிடமும் முன்பே பேசி, 3-ஆம் நாள் யார் போவது, 7-ஆம் நாள் யார் போவது என்று பெயர் போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவ அலுவலரின் ஒப்புதலைக் கையெழுத்தாகவே வாங்குங்கள்.

படி 7: மறுபடி எண்ணுங்கள், அதே முறையில்

முதலில் அட்டையை எண்ணினீர்கள் என்றால் இப்போதும் அட்டையைத்தான் எண்ண வேண்டும். முதலில் அட்டையை எண்ணிவிட்டு, பிறகு வாய்வார்த்தையைக் கேட்டு "முன்னேற்றம்" என்று எழுதுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. பிபி பார்ப்பதிலும் இதே கதைதான். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, கையை இதய மட்டத்தில் தாங்கி, பேசாமல் எடுத்த அளவையும், படியேறி வந்த கையோடு சேலைமேல் பட்டையைச் சுற்றி எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

காலத்தையும் பாருங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் சாக்கடை கலந்த தண்ணீர் குழாயில் வருகிற தெருக்களில், பேதி தானாகவே கூடும். பிப்ரவரியில் தானாகவே குறையும். மழைக்காலத்தையும் கோடையையும் ஒப்பிட்டு "எங்கள் முயற்சியால் பேதி குறைந்தது" என்று சொல்லக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகளில் யார் வீட்டிலிருக்கிறார்கள், கையில் எவ்வளவு காசு என்பது அப்போது மாறிவிடும். உங்கள் இரண்டு மாதம் அதில் விழுந்தால், அதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

22-ல் 6 என்பது 25-ல் 15 ஆனால் சந்தோஷப்படலாம். ஆனால் சின்ன எண்ணிக்கை, ஒரு வீடு இப்படி அப்படிப் போனாலும் சதவீதம் துள்ளும். ஆறு மாதம் மாதாமாதம் கிராஃப் தாளில் புள்ளி வையுங்கள். கோடு மேலே நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போங்கள்.

படி 8: ஒரே பக்கத்தில் எழுதி ஒப்படையுங்கள்

கேள்வி, முதல் கணக்கு, என்ன படித்தோம், என்ன செய்தோம், கடைசிக் கணக்கு. குழந்தையின் பெயர், கதவு எண் எதுவும் வேண்டாம். பத்திரிகையிலோ மாநாட்டிலோ வெளியிடும் எண்ணம் இருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க வேண்டும். முடித்தபிறகு கேட்டால் கிடைக்காது. அந்தத் தாய்மார்களிடமும் முடிவைச் சொல்லுங்கள். அங்கன்வாடியில் பத்து நிமிடம் போதும். நாம் எண்ணியது அவர்கள் வீட்டு அட்டையைத்தானே.

தாளின் கடைசியில் "எது நடக்கவில்லை" என்று ஒரு கட்டம் போடுங்கள். இடமாற்றம் ஆகிப் போகும்போது அடுத்து வரும் செவிலியருக்கு அதுதான் அதிகம் உதவும். என் தாளில் அந்தக் கட்டத்தில் இருந்தது: "ஆயா ஊருக்குப் போன நான்கு வீடுகளில் மாத்திரை அன்றைக்கே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவையும் கரைக்கப் பழக்கினால் தொடருமா?"